உறுப்பினர் இலக்கத்தைச் சொன்னார்கள், நம்பி மூலச் சான்றிதழைக் கொடுத்துவிட்டேன்

இரசாயனவியல் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

மூன்று மாதங்களுக்கு முன் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். நான் சேர்ந்திருக்கும் தொழில்சார் சங்கத்தின் பெயரையும் என் உறுப்பினர் இலக்கத்தையும் பிழையில்லாமல் சொன்னார். "உறுப்பினர்களுக்கு மட்டுமான வேலைவாய்ப்புப் பிரிவு மிஸ், டோஹாவில் நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடம்" என்றார். இலக்கம் தெரிந்தவர் சங்கத்து ஆளாகத்தான் இருப்பார் என்று நம்பினேன்.

பம்பலப்பிட்டியில், காலி வீதியை ஒட்டிய ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி. நேர்முகத் தேர்வு பத்து நிமிடத்தில் முடிந்தது. எந்தக் கருவியில் பழக்கம் என்று கேட்கவில்லை. பரிசோதனை ஆய்வுகூடங்களுக்குரிய ஐ.எஸ்.ஓ. 17025 தரநியமத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். பதிவுக் கட்டணமாக 65,000 ரூபா கட்டினேன், அம்மா சீட்டெடுத்துத் தந்த காசு. பற்றுச்சீட்டில் நிறுவனத்தின் பெயரும் இல்லை, உரிம இலக்கமும் இல்லை.

காசைவிடச் சான்றிதழை நினைத்தால்தான் நெஞ்சு எரிகிறது. அத்தாட்சிப்படுத்த மூலப் பிரதி வேண்டும் என்றார்கள். அதில் பாதி உண்மை இருந்ததால்தான் ஏமாந்தேன். வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் மூலச் சான்றிதழைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு இருக்கும் பத்தரமுல்லை சுஹுருபாய கட்டடத்துக்கு நாமே கொண்டுபோய் அதைச் செய்துகொள்ளலாம். இடையில் ஒருவர் தேவையே இல்லை.

ஆறு வாரம் "விசா வருகிறது" என்றார்கள். பிறகு தொலைபேசி ஓய்ந்தது. சங்கத்தில் விசாரித்தேன். அப்படியொரு பிரிவே இல்லை, வரும் வேலை அறிவித்தல்களை உறுப்பினர்களுக்கு மின்னஞ்சலில் இலவசமாகவே அனுப்புகிறோம் என்றார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் கேட்டபோது, அந்த முகவரியில் உரிமம் பெற்ற முகவர் எவரும் இல்லை என்று தெரிந்தது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி உரிமமின்றி இந்தத் தொழிலை நடத்துவது குற்றம். முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு நான் முதல் நாளே அழைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அன்று அந்த மாடியில் கோப்புகளை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு இரண்டு பெண் பிள்ளைகள் காத்திருந்தார்கள். ஒருவர் மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார். தங்கச்சி, இது உங்கள் கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள். முறைப்பாட்டில் உங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.