பேரியம் டைட்டனேட் தூளுக்கு எந்த மூலப்பொருள்? பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

மின்தேக்கிகளுக்கான பேரியம் டைட்டனேட் தூளை ஜெல் முறையில் (கரைசலைக் கூழாக்கி, உலர்த்தி, சுடும் முறை) தயாரிக்க வருபவர்கள் எடுத்த எடுப்பில் உலை வெப்பநிலையைத்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: மூலப்பொருளில் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் மறுபாதி (நைட்ரேட், அசிட்டேட் போன்றது) எது, அது எப்படி வெளியேறப் போகிறது?

டைட்டானியத்துக்கு இன்றும் ஐசோபுரோப்பாக்சைடையே வாங்குகிறேன். அதற்கு ஈரம் என்றாலே ஆகாது. மழைக்காலத்தில் புட்டியைத் திறந்து மூடினாலே வாயோரம் வெள்ளைப் பொருக்கு கட்டும். நீர் சேரும் முன்பே அசிட்டிக் அமிலத்தில் கலந்துவிட்டால் அடங்கிவிடுகிறது. அசிட்டேட் டைட்டானியத்தைப் பற்றிக்கொள்வதால் நீராற்பகுப்பு (நீரோடு வினைபுரிந்து பிரிவது) நிதானப்பட்டு, வெள்ளை வீழ்படிவுக்குப் பதில் தெளிந்த ஜெல் கிடைக்கும். புதியவர்களுக்கு இன்னும் மெதுவாக வினைபுரியும் பியூட்டாக்சைடு நல்லது. டெட்ராகுளோரைடு வேண்டவே வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் குளோரைடு மிஞ்சி, வெள்ளி நைட்ரேட் சொட்டில் கழுவுநீர் கலங்கிக்கொண்டே இருக்கும்.

பழைய புட்டி என்றால் லேபிளை நம்பாதீர்கள். எடை தெரிந்த மூசையில் சிறிது எடுத்து, நீர் விட்டு, உலர்த்தி, 900 டிகிரி செல்சியஸில் சுட்டு எடைபோடுங்கள். தூய ஐசோபுரோப்பாக்சைடு 100 கிராமுக்கு 28.1 கிராம் டைட்டானியம் டை ஆக்சைடு தர வேண்டும். இந்தக் கணக்கு பிசகினால் பேரியத்தோடு சேர்க்கும் விகிதமும் பிசகும்; பிறகு எவ்வளவு சுட்டாலும் வேண்டாத சேர்மங்கள் போகாது.

பேரியம் உப்பில்தான் எல்லாமே தலைகீழாகும். நைட்ரேட் 20 டிகிரியில் 100 மில்லி நீரில் 9 கிராம் அளவுக்கே கரையும். ஜெல் உலர உலர அது தனியே படிகமாகிப் பிரிகிறது. உலர்ந்த துண்டை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் மினுமினுப்பு தெரியும். அணு அளவிலான கலப்புக்காகத்தானே இவ்வளவு பாடும்! அது அங்கேயே போய்விடுகிறது. கரிமப் பொருளோடு இருக்கும் நைட்ரேட் சூட்டில் திடீரெனப் பற்றிக்கொள்ளவும் கூடும்.

அசிட்டேட் பல மடங்கு கூடுதலாகக் கரைந்து சீராகப் பரவுகிறது. ஆனால் சுடும்போது பேரியம் கார்பனேட் உண்டாகும். எந்தப் படிகம் இருக்கிறது என்று காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் 24 டிகிரி கோணத்தை ஒட்டி எழும் சிறு முகடு அதுதான். காற்றோட்டத்தில் 500 டிகிரி வரை மிக மெதுவாக ஏற்றி, கல்வத்தில் அரைத்து, 800க்கு மேல் மீண்டும் சுட்டால் அந்த முகடு பெரும்பாலும் மறைகிறது. இந்தக் கூடுதல் வேலையைப் பொருட்படுத்தாமல் அசிட்டேட்டையே தேர்ந்தெடுப்பேன்.

இரண்டு பேரியம் உப்புகளும் நஞ்சு. எடைபோடும்போதே முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.