200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்: எதற்கு வாங்கலாம், எதற்குக் கூடாது

கேட், கிரில், ஆங்கிள் ஃபிரேம் வேலைக்கு இந்த வகை மெஷின் தாராளமாகப் போதும். 2.5 மி.மீ. 6013 ராடுக்கு (சாதாரண இரும்பு வேலைக்கான வெல்டிங் ராடு) 60 முதல் 90 ஆம்ப், 3.15 மி.மீ. ராடுக்கு 90 முதல் 130 ஆம்ப் வைத்தால் ஆர்க் சீராக நிற்கிறது. கரண்ட் குறைந்தால் ராடு ஒட்டும், கசடு உள்ளே மாட்டும். கூடினால் ஓரம் அரித்துப் பள்ளமாகிவிடும்.

பளு தாங்கும் இணைப்புகளுக்கு 7018 ராடே (ஹைட்ரஜன் குறைவான வகை) சரி. ஹோல்டரை பாசிட்டிவில் மாட்டுங்கள். ஈரம் பட்ட ராடை அப்படியே பயன்படுத்தினால் ஹைட்ரஜன் புகுந்து, ஆறிய பிறகு வெல்ட் விரிசல் விடும். உற்பத்தியாளர் சொல்லும் சூட்டில், பொதுவாக 300 முதல் 350 டிகிரியில், உலர்த்திய பின்பே தொடுங்கள்.

1 மி.மீ. தகடு என்றால் இந்த மெஷின் வேண்டாம், ஓட்டை விழும். அதற்கு ராடுக்குப் பதில் வயர் தானாக வந்து உருகும் மிக் மெஷின்தான், 0.8 மி.மீ. வயர் போட்டு, நல்லது. லிஃப்ட் டிக் வசதியில் (டங்ஸ்டன் முனையைத் தொட்டுத் தூக்கி ஆர்க் பிடிக்கும் முறை) ஆர்கான் வாயு வைத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அழகாக ஒட்டலாம். டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும். அலுமினியத்துக்கு டிசி கரண்ட் தரும் இந்த மெஷின் உதவாது. மேலே படியும் ஆக்சைடு உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும், அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தப் படலத்தை உடைக்க ஏசி கரண்டில் ஓடும் டிக் மெஷின் வேண்டும்.

60 சதவீத டியூட்டி சைக்கிள் என்றால் 10 நிமிடத்தில் 6 நிமிடமே வெல்டிங். கிரைண்டர் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள்: ஃபேன் இரும்புத் தூளை இழுத்து போர்டை ஷார்ட் ஆக்கிவிடும்.