விசிட் விசாவில் வேலைக்குக் கூப்பிட்டால் போகாதீர்கள்

வழக்கு நடப்பதால் யாருடைய பெயரையும் போடவில்லை. யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டு வேலைக்கு யோசிக்கிற பெண்கள் இதை வாசியுங்கள்.

ஊர்க் கோவிலில் பூக்கட்டும் ஒரு அக்காதான் வீட்டுக்கு வந்தார். துபாயில் வீட்டுவேலை, மாதம் ஒன்றரை லட்சம் என்றார். என் கணவர் இறந்து, நுண்கடன்காரர் கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்ற நேரம் அது. அம்மாவின் கையில் 50,000 ரூபாயை வைத்து, "செலவுக்கு வைச்சிருங்கோ, திருப்பித் தர வேண்டாம்" என்றார்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிய வேண்டாமா என்று கேட்டேன். "அது சுணங்கும். விசிட் விசாவில போங்கோ, அங்க மாத்தலாம். எயார்போட்டில கேட்டா அண்ணாவைப் பாக்கப் போறன் எண்டு சொல்லுங்கோ."

எனக்கு அண்ணாவே இல்லை. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

2022 நவம்பரில், இப்படி விசிட் விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோன பெண்களைப் பற்றிய செய்தியை நானும் வாசித்தவள்தான். தெரிந்த மனுசி அப்படிச் செய்வார் என்று நினைக்க மனம் வரவில்லை.

துபாயில் இறங்கியதும் பாஸ்போர்ட்டையும் போனையும் பறித்தார்கள். இரவோடு இரவாக வாகனத்தில் மஸ்கட். ஒரே அறையில் பதினொரு பெண்கள். வேலைக்கு ஆள் தேடும் வீட்டுக்காரர்கள் வந்து எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்ப்பார்கள். ஒருத்தி என் உள்ளங்கையைத் திருப்பி அழுத்திப் பார்த்தாள். வேலைக்குப் போன வீட்டில் அடி. தப்பி வந்தால் ஏஜென்டிடமும் அடி. ஊருக்கு விட 10 லட்சம் கேட்டான். அவன் காட்டிய கணக்கில் முதல் வரி, அம்மாவிடம் கொடுத்த அந்த 50,000.

மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி அரிசி வாளிக்குள் ஒளித்திருந்த போனில் தங்கச்சியுடன் கதைத்தேன். அவள் பிரதேச செயலகம், பணியகம் என்று அலைந்து, தூதரகம் மூலம் ஐந்தாம் மாதம் வந்து சேர்ந்தேன்.

முறைப்பாடு கொடுக்கப் போனால், "நீங்களாத்தானே போனீங்கள்" என்றார் ஒரு பொலிஸ்காரர். அப்படிச் சொன்னால் எழும்பி வந்துவிடாதீர்கள். ஏமாற்றியோ, ஒருவரின் கஷ்டத்தைப் பயன்படுத்தியோ கட்டாய வேலைக்குக் கொண்டுபோவது தண்டனைச் சட்டக்கோவை 360சி பிரிவின்படி ஆட்கடத்தல்.

ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேட்கலாம். பெண்களுக்கு எதிரான வன்முறை என்றால் 1938. பணியகப் பதிவு இல்லாமல் விமானம் ஏறவே வேண்டாம்.

அந்த அக்கா பிணையில் வெளியே. போன கிழமை அவரின் ஸ்கூட்டி எங்கள் ஒழுங்கையில் இன்னொரு வீட்டு வாசலில் நின்றது. அவர் போனதும் உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிள்ளையின் பாஸ்போர்ட்டை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்.