சோலார் வீட்டுக்கு எந்தக் கரண்ட் சென்சார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஓர் அக்கா வீட்டில் சோலார் போட்டு ஒரு மாதம் ஆகியும் ப்ரீபெய்டு யூனிட் பழையபடியே கரைந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். மத்தியானம், நல்ல வெயில். 3 கிலோவாட் கீசர் ஓடுகிறது. இன்வெர்ட்டர் திரையோ கரண்ட் வெளியே கிரிட்டுக்குப் போவதாகக் காட்டுகிறது. வீட்டு மின்பெட்டியான டிபி போர்டைத் திறந்தால், கரண்ட்டை அளக்க மெயின் வயரில் மாட்டிய சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) கிளாம்ப் தலைகீழ். வெளியே போகிறது என்று நம்பிய இன்வெர்ட்டர், அதைத் தடுக்கத் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. மெயினை அணைத்து, திருப்பி மாட்டியதும் சரியாகிவிட்டது.

டர்பனில் லோட்ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) புண்ணியத்தில் பேட்டரி வைத்த வீடுகள் பெருகிவிட்டன. எந்த சென்சார் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: அளக்கப்போவது கிரிட் பக்கத்து ஏசியா, பேட்டரி பக்கத்து டிசியா?

ஏசி என்றால் சிடிதான். அது ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். 100:5 சிடியில் வயரில் 100 ஆம்பியர் ஓடினால் சுருளில் 5 ஆம்பியர் வரும். வயரை வெட்ட வேண்டாம், தனி சப்ளை வேண்டாம், விலையும் குறைவு. கிளாம்பின் இரண்டு முகமும் ஒட்டி மூட வேண்டும். நடுவில் தூசி நின்றாலும் ரீடிங் குறையும். 5 ஆம்பியர் சிடியின் முனைகளைக் கரண்ட் ஓடும்போது கழற்றிவிடாதீர்கள், ஆளைக் கொல்லும் வோல்டேஜ் எழும். டிசியை மட்டும் இதனால் அளக்கவே முடியாது. காந்தப்புலம் மாறினால்தான் சுருளில் கரண்ட் பிறக்கும்.

பேட்டரி பக்கம் போட்டி ஷன்ட்டுக்கும் ஹால் சென்சாருக்கும். ஷன்ட் வெறும் உலோகத் துண்டு, கரண்ட் ஓடும்போது அதன் இரு முனைக்கு நடுவே எழும் சின்ன வோல்டேஜை அளக்கிறோம். 100 ஆம்பியருக்கு 50 மில்லிவோல்ட் தரும் ஷன்ட்டின் தடை அரை மில்லிஓம், முழு லோடில் 5 வாட் சூடு. பேட்டரி நெகட்டிவில் போடுவது வழக்கம். ஏதாவது ஒரு வயரை ஷன்ட்டைத் தாண்டி நேராக பேட்டரியில் முடுக்கிவிட்டால் அந்தக் கரண்ட் கணக்கில் வராது. இந்தத் தவற்றை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

எட்வின் ஹால் 1879இல் கண்ட விளைவை வைத்துக் கரண்ட்டின் காந்தப்புலத்தை உணரும் ஹால் சென்சார் வயரைத் தொடாமலே டிசி, ஏசி இரண்டையும் அளக்கும். சூடும் இல்லை. ஆனால் கராஜ் வெயிலில் வெந்தால் அதன் பூஜ்யம் நகரும். ஒன்றும் ஓடாதபோது 0.3 ஆம்பியர் காட்டினால் ஒரு நாளில் 7.2 ஆம்பியர்-மணி பொய்க் கணக்கு. 100 ஆம்பியர்-மணி பேட்டரி, கணக்கு மறுபடி நேராகும் அளவுக்கு முழுதாக நிரம்பாமல் ஒரு வாரம் மேகமூட்டத்தில் ஓடினால், திரையில் தெரியும் சதவீதத்தை நம்பவே முடியாது. என் ஓட்டு ஷன்ட்டுக்கு.

ரோகோவ்ஸ்கி காயில் வளையும் கயிறு மாதிரி இருக்கும். பஸ்பார் என்னும் தடித்த உலோகப் பட்டையைச் சுற்றிவிடலாம். இரும்புக் கரு இல்லாததால் ஷார்ட் சர்க்யூட் கரண்ட்டிலும் திணறாது. இதற்கும் டிசி ஆகாது. ஆலைக்குச் சரி, வீட்டுக்கு வேண்டாம்.

மொசாம்பிக்கின் கஹோரா பாசா அணையிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் பக்கம் அப்பல்லோ மின் நிலையம் வரை 1,420 கிலோமீட்டர் வரும் 533 கிலோவோல்ட் டிசி லைன் மாதிரியான இடத்தில் கதையே வேறு. அங்கே ஷன்ட் வைத்தாலும் அதுவே 533 கிலோவோல்ட்டில் உட்கார்ந்திருக்கும். சிக்னலைக் கண்ணாடி இழை வழியாகத்தான் கீழே கொண்டுவர வேண்டும். காந்தப்புலத்தில் ஒளியின் அதிர்வுத் தளம் திரும்புவதை வைத்தே கரண்ட்டை அளக்கும் இழை சென்சாரும் உண்டு.

வீட்டுக்கு மெயினில் சிடி, பேட்டரியில் ஷன்ட் போதும். அப்புறம் சிடி கிளாம்பின் மேல் போட்டிருக்கும் அம்புக்குறி: சில இன்வெர்ட்டருக்கு அது கிரிட்டைப் பார்க்க வேண்டும், சிலவற்றுக்கு வீட்டை. மேனுவலைப் பார்த்து மாட்டுங்கள், மாட்டியதும் ஒரு கெட்டிலைப் போட்டுத் திரையைப் பாருங்கள்.