தொண்டைப் பைக்கு பேரியம் ஸ்வாலோ: நம்பலாமா?

சாப்பிட்டு வெகுநேரம் கழித்தும் செரிக்காத சோறு வாய்க்குத் திரும்பினால், தொண்டைச் சுவர் பைபோல வெளியே பிதுங்கியிருக்கலாம். முதலில் எடுக்கவேண்டியது, பேரியம் கலந்த திரவத்தை விழுங்கவைத்து எடுக்கும் இந்த எக்ஸ்ரேதான். நேராக எண்டோஸ்கோபிக்குப் போனால் குழாய் பைக்குள் நுழைந்து சுவரைக் கிழித்துவிடும் அபாயம் உண்டு.

பக்கவாட்டுப் படமும் எடுப்பார்களா என்று சென்டரில் கேளுங்கள். நேர்ப்படம் மட்டும் போதாது. கிரிக்கோபாரிஞ்சியஸ் தசைக்கு (உணவுக்குழாயின் மேல்வாயை மூடித் திறக்கும் தசை) மேலே, பின்பக்கம் பிதுங்கினால் ஜென்கர் பை. அதற்குக் கீழே, முன்பக்கவாட்டில் என்றால் கில்லியன்-ஜேமிசன் பை. இந்த இரண்டாவது வகைக்கு அருகிலேயே குரல்வளை நரம்பு ஓடுவதால் அறுவைத் திட்டமே மாறும். இரண்டையும் பிரித்துச் சொல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்தான். பையின் அளவு எத்தனை செ.மீ. என்பதும் அதில் இருக்க வேண்டும்.

சிறிய பை விழுங்கும்போது மட்டும் தெரிந்து மறையலாம். ஆகவே வீடியோவாகப் பதிவுசெய்யும் இடமே மேல். அடிக்கடி புரையேறுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேரியம் மலச்சிக்கல் தரும், பிறகு தண்ணீர் நிறையக் குடியுங்கள்.