என்டெரோஜெர்மினா, ஈகோநார்ம், யாகுல்ட்: எது எதற்கு?

மூன்றுமே புரோபயாடிக், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் என்று உயிரோடு உள்ளே அனுப்பும் நுண்ணுயிர். பேதி என்று மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால் சீட்டு இல்லாமலே கைக்கு வருவது என்டெரோஜெர்மினா. 5 மில்லி பிளாஸ்டிக் குப்பி. உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம், ருசியும் இல்லை, வாடையும் இல்லை. கொடுத்தால் குழந்தை துப்பாது. இது இவ்வளவு விற்பதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஒரு குப்பியில் இருப்பது பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியாவின் 200 கோடி ஸ்போர்கள், நான்கு ரகங்கள் கலந்தது. ஸ்போர் என்பது பாக்டீரியா கெட்ட காலத்தைக் கழிக்க ஓடு போட்டுக்கொண்டு தூங்கும் நிலை. அதனால் வயிற்று அமிலம் இதை ஒன்றும் செய்யாது. ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெயில் படாத அலமாரி போதும். நன்றாகக் குலுக்கி, குப்பியின் மூக்கைத் திருகி, அப்படியே வாயிலோ பாலிலோ தண்ணீரிலோ விடலாம். திறந்த குப்பியை மிச்சம் வைக்கக் கூடாது. உள்ளே வெள்ளையாகச் சிறு துகள் மிதந்தால் கெட்டுப்போனது என்று தூக்கி எறிகிறார்கள். அது ஸ்போர்கள் ஒன்றோடொன்று ஒட்டியது, குலுக்கினால் கலைந்துவிடும்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. நெபுலைசரில் ஊற்றும் மருந்தும் கிட்டத்தட்ட இதே வடிவப் பிளாஸ்டிக் குப்பியில்தான், இதே மாதிரி வரிசையாக ஒட்டிக்கொண்டு வருகிறது. வீசிங் உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டையும் ஒரே டப்பாவில் போடாதீர்கள். நடுராத்திரித் தூக்கக் கலக்கத்தில் மாறிப்போக அதுவே போதும். என்டெரோஜெர்மினா வாய்வழி மட்டும், ஊசியில் ஏற்றக் கூடாது என்று லேபிளிலேயே போட்டிருக்கிறார்கள்.

சரி, கேட்குமா? வைத்துக்கொள்ள இவ்வளவு வசதியான பொருள், வேலையில் அவ்வளவு இல்லை. குழந்தைகளின் திடீர் வயிற்றுப்போக்குக்கு இதே நான்கு ரகக் கிளாசி வேண்டாம் என்றுதான் 2020-இல் ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவர் சங்கம் சொன்னது. அழுத்திச் சொல்லவில்லை, ஆதாரம் மெலிவு என்றும் சேர்த்தே சொன்னது. ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்த ஒரு கணக்கில் பேதி சுமார் 9 மணி நேரம் முன்னதாக நின்றிருக்கிறது. நாலைந்து நாள் ஓடும் பேதியில் 9 மணி நேரம். கெடுதல் அரிது, பலனும் சிறிசு. அந்தக் காசுக்கு முதலில் ஓஆர்எஸ்ஸும் ஜிங்க்கும் வாங்குங்கள். ஜிங்க் 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மி.கி., அதற்குக் கீழே 10 மி.கி., 10 முதல் 14 நாள். பேதி நின்றதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தப்பு. ஒரு லிட்டர் ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கலக்குவது அதைவிடப் பெரிய தப்பு: உப்பு ஏறி, குழந்தை இன்னும் காய்ந்துபோகும்.

எங்கள் தேர்வு பொடி பாக்கெட், ஈகோநார்ம் 250 மி.கி. இதில் இருப்பது பாக்டீரியா இல்லை, சாக்கரோமைசிஸ் பௌலார்டி என்ற ஈஸ்ட். 1920-களில் இந்தோசீனாவில் ஆன்ரி பௌலார் என்ற பிரெஞ்சுக்காரர் லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களிலிருந்து பிரித்தெடுத்தது. ஈஸ்ட் என்பதுதான் இதன் பலமே. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதைத் தொடாது. அமாக்சிசிலின்-கிளாவுலனேட் சாப்பிட்டு மூன்றாம் நாள் வயிறு கலக்குகிறதே, அங்கேதான் இது உண்மையாக உதவும். ஆனால் கலக்கிய பிறகு ஆரம்பிப்பது பாதி வேலை. ஆன்டிபயாடிக் தொடங்கும் அன்றே தொடங்கி, கோர்ஸ் முடியும் வரை கொடுக்க வேண்டும். குழந்தைக்கு வந்துவிட்ட பேதிக்கு அதே சங்கம் சொல்வது நாளைக்கு 250 முதல் 750 மி.கி., 5 முதல் 7 நாள்.

இதைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று சூடு: ஆவி பறக்கும் பாலில் கொட்டினால் ஈஸ்ட் அங்கேயே செத்துப்போகும். ஆறின தண்ணீரோ, குழைத்த வாழைப்பழமோ போதும். இன்னொன்று ஃப்ளூகோனசோல் மாதிரிப் பூஞ்சை மருந்து. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதியிருந்தால் மருத்துவரிடம் திருப்பிக் கேளுங்கள்.

எல்லோருக்கும் இது இல்லை. கழுத்து ரத்தநாளத்தில் குழாய் போட்டவர், ஐசியூவில் இருப்பவர், கீமோ எடுப்பவர் ஆகியோருக்குக் கூடாது. பாக்கெட்டைப் பிரிக்கும்போது பறக்கும் தூள் கையில் ஒட்டி, குழாய் வழியாக ரத்தத்துக்குள் போயிருக்கிறது. அதனால் அப்படிப்பட்ட நோயாளி படுத்திருக்கும் அறையில் பிரிக்கவே கூடாது. புரோபயாடிக் என்றால் எப்படிக் கொடுத்தாலும் நல்லது என்று நினைப்பவர்கள் 2008-இல் நெதர்லாந்தில் வந்த கணைய அழற்சி ஆய்வை நினைவில் வைக்கலாம். கடுமையாகப் படுத்திருந்தவர்களுக்குக் குழாய் வழியாக வேறு பாக்டீரியாக் கலவை கொடுத்தார்கள். கொடுத்த பக்கம் 24 பேர் இறந்தார்கள், கொடுக்காத பக்கம் 9 பேர்.

யாகுல்ட்டுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 65 மில்லி, 650 கோடி லாக்டோபேசில்லஸ் ஷிரோட்டா, சர்க்கரை போட்ட இனிப்பு. நல்ல பானம், பேதி மருந்து இல்லை. கடைக்காரர் ஃப்ரிட்ஜில் வைக்காமல் வெளியே அடுக்கியிருந்தால் தொடாதீர்கள். சர்க்கரை குறைத்த லைட் வகை தனியாக இருக்கிறது. வீட்டுத் தயிரும் இதே வரிசைதான்: சாப்பிடலாம், ஆனால் எந்த ரகம், எத்தனை கோடி என்று யாருக்கும் தெரியாது. அதையே மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் உயிரோடு ஒன்றும் மிஞ்சாது, ருசி மட்டும் மிஞ்சும்.

மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், 6 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருத்தல் எதைப் பார்த்தாலும் இந்த மூன்று பொருளில் எதையும் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேறு பிராண்டைக் கையில் திணித்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் ரகத்தின் எண் அல்லது எழுத்து, ஒரு வேளைக்கு எத்தனை கோடி, காலாவதித் தேதி மூன்றும் இருக்க வேண்டும். 'லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ்' என்று இன்னும் அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது பழைய தப்புப் பெயர். லாக்டோபேசில்லஸ் ஸ்போர் போடுவதே இல்லை, உள்ளே இருப்பது பேசில்லஸ் கோயாகுலன்ஸ். பெயரையே சரிபார்க்காதவர் 'கோடி' கணக்கை எப்படி எண்ணியிருப்பார் என்று கேட்டுவிட்டு, பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.