இரண்டு அங்குலம் உயர்த்திய ஹைலக்ஸும் நாலு கயாபா ஷொக்கும்

எங்கட கெப் பழைய ஹைலக்ஸ் டபுள் கெப், எல்.என். 106. 2.8 லீற்றர் டீசல், முன்னுக்கும் பின்னுக்கும் பட்டை ஸ்பிரிங். எனக்கு முதல் வைத்திருந்தவர் பட்டை கூட்டி இரண்டு அங்குலம் உயர்த்தியிருந்தார். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷொக்கை (ஷொக் அப்சோபர்) மட்டும் அப்படியே விட்டுவிட்டார். குச்சவெளிப் பக்கத்து மீன் வாடியில் இருந்து திருகோணமலைக்கு மீன் கொண்டுவருவதுதான் அதன் வேலை. போகும்போது வெறும் பெட்டிகள், வரும்போது ஐஸும் மீனுமாக 600, 700 கிலோ. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் திறக்கும் வரை புதுக் கெப்பை நினைத்தும் பார்க்க முடியவில்லை. அதனால் இதைத்தான் பிள்ளை மாதிரிப் பார்க்கிறேன்.

புல்மோட்டை வீதி இப்போது நல்ல வீதி. ஆனால் வீதியில் இருந்து வாடிக்கு இறங்கும் மணல் பாதையில், வெறும் வண்டியோடு ஒரு பள்ளத்தில் சில்லு இறங்கினால் பின்னால் 'ணங்' என்று ஒரு சத்தம். ஸ்பிரிங் உடைந்துவிட்டது என்றுதான் முதலில் பயந்தேன். ஸ்பிரிங்கில் ஒன்றும் இல்லை. ஷொக் முழுக்க நீண்டு, இனி நீள இடமில்லாமல், அக்சிலையே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. ஷொக்கைக் கீழே மாட்டும் கண்ணில் றப்பர் புஷ் தூளாகிக் கிடந்தது.

அவசரத்தில் முதலில் வாங்கியது ஜப்பானில் இருந்து வந்த ரீகண்டிஷன் ஷொக் ஒரு சோடி. கடையின் பெயர் வேண்டாம். பளபளவென்று கறுப்புப் பெயின்ற் அடித்து, பொலித்தீன் சுற்றித் தந்தார்கள். ஆறு கிழமையில் ஒன்று எண்ணெய் வடித்தது. கழற்றி, குழாய்க்குள் போய்வரும் றொட்டைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஊசியால் குத்தின மாதிரிப் புள்ளி புள்ளியாகத் துரு. அந்தப் புள்ளிகள் மேலும் கீழும் போய்வரும்போது எண்ணெயை அடைக்கும் றப்பர் சீலை (seal) அரம் மாதிரி அறுக்கும். பெயின்ற் அடித்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. பாவித்த ஷொக் வாங்கத்தான் வேண்டும் என்றால், தூசி மூடியைத் தூக்கி றொட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள்.

பிறகு கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன். "நல்ல இறுக்கமான ஷொக் ஒன்று சொல்லுங்க நானா" என்றேன். "இறுக்கத்தைப் பிறகு பாப்பம் தம்பி, நீளம் எவ்வளவு வேணும் எண்டு தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

அளந்தது இப்படித்தான். வண்டி தரையில் நிற்கும்போது பின் ஷொக்கின் மேல் போல்ட்டில் இருந்து கீழ் போல்ட் வரை 19 அங்குலம். அக்சிலுக்கும், அது செசியில் முட்டாமல் தடுக்கும் பம்ப் ஸ்டொப் றப்பருக்கும் இடைவெளி 4 அங்குலம். ஆகவே முழுக்க அமுங்கினால் 15. பிறகு செசியில் ஜக் கொடுத்துத் தூக்கி, பழைய ஷொக்கைக் கழற்றி, அக்சிலைத் தொங்கவிட்டோம். அதே இரண்டு போல்ட்டுக்கும் நடுவே நூல் பிடித்தால் 23½. கழற்றிய ஷொக்கை எவ்வளவு இழுத்தாலும் 22க்கு மேல் வரவில்லை. ஒன்றரை அங்குலம் குறைவு. 'ணங்' என்ற சத்தம் வந்தது அதில்தான்.

நீளமாக இருந்தால் போதும் என்று வாங்கினால் அடுத்த பிழை. மூடிய நீளம் 15ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுமையோடு ஒரு பள்ளத்தில் விழும்போது பம்ப் ஸ்டொப் தொட முதலே ஷொக் அடிமுட்டி, உள்ளே வால்வு உடையும்.

விலை உயர்ந்த பக்கம் அவுஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் ஈமு. உயர்த்திய வண்டிகளுக்கென்றே செய்வது, நல்ல சாமான், ஆனால் என் வருமானத்துக்குள் வராது. மொனோடியூப், அதாவது ஒற்றைக் குழாய் ஷொக்கும் யோசித்தேன். சூட்டை நன்றாகத் தாங்கும். ஆனால் அதில் வெளிக் குழாய்தான் சிலிண்டர். ஒரு கல் பட்டு நெளிந்தால் பிஸ்டன் சிக்கிவிடும். இரட்டைக் குழாய் ஷொக்கில் கல்லடி வெளிக் குழாயோடு நின்றுவிடும். எங்கள் பாதைக்கு அதுதான் சரி. கடைசியில் கயாபாவின் இரட்டைக் குழாய் காஸ் ஷொக். டொயோட்டாவுக்கே ஷொக் செய்துகொடுக்கும் கொம்பனி. ஹைலக்ஸ் என்று கேட்காமல், திறந்த நீளம், மூடிய நீளம், மாட்டும் கண்ணின் அளவு மூன்றையும் சொல்லிக் கட்டலொக்கில் தேடச் சொன்னேன். பின்னுக்குத் திறந்தால் 24, மூடினால் 14½ அங்குலம் வருவது கிடைத்தது. முன்னுக்கும் அப்படியே அளந்து எடுத்தோம். நாலும் சேர்த்து 70,000 ரூபாய்க்குக் கிட்ட.

மாட்ட முதல் ஒவ்வொன்றையும் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தரம் இழுத்து அமுக்கினார் நானா. படுக்கவைத்திருந்ததால் உள் குழாய்க்குள் போன காஸ் அப்போதுதான் வெளிக் குழாய்க்குத் திரும்பும். முதல் இழுவையில் தொளதொளவென்று வந்தது. நாலாவதில் தேனுக்குள் கரண்டி விட்ட மாதிரி ஒரே சீராக வந்தது. கண் போல்ட்டுகளை வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் கடைசியாக முறுக்கினார். தூக்கியபடி முறுக்கினால் புஷ் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும்.

எட்டு மாதம் ஆகிறது. 'ணங்' இல்லை. சுமையோடு வளைவுகளில் முன்னைய ஆட்டம் இல்லை. பெட்டியில் ஐஸ் தண்ணி தளும்பி வழிவதும் குறைந்துவிட்டது. என் தம்பிதான் அதை முதலில் கவனித்தான். ஆனால் வெறும் வண்டியில் பின்பக்கம் இன்னும் குதிக்கிறது. அதற்குக் காரணம் கூட்டிய பட்டை, ஷொக் அதைத் திருத்தாது. சுமையைத் தாங்குவது ஸ்பிரிங். ஷொக்கின் வேலை ஆட்டத்தை அடக்குவது. பாரம் ஏற்றினால் தாழ்கிறது என்று ஷொக் மாற்ற வருகிறவர்களிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

எனக்கு ஒரேயொரு குறை: கூட வந்த புஷ்கள். பின் இடது புஷ் ஏழாம் மாதமே வெடிக்கத் தொடங்கிவிட்டது. வேறு புஷ் போட்டேன். உப்புக் காற்றுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் றொட்டுகளை நல்ல தண்ணியால் கழுவித் துடைக்கிறேன். நாலு றொட்டும் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கின்றன.